குரோஷாப் பின்னலுக்கு நூலும் ஊசியும் தேர்ந்தெடுக்கும் முறை

விவசாயக் குடும்பங்களில் ஆண்டு முழுவதும் ஒரே அளவான வேலை இருப்பதில்லை என்பதை யாவரும் அறிவர். நடவும் களையெடுப்பும் அறுவடையும் நெருங்கும் காலங்களில் வீட்டிலுள்ள பெண்மக்களுக்கு ஓய்வென்பதே கிடையாது. தை மாசியில் சம்பா அறுவடை முடிந்து களம் காலியான பின்பும், மானாவாரிப் பிரதேசங்களில் மழையை எதிர்நோக்கியிருக்கும் சித்திரை வைகாசியிலும் பல நாட்கள் வருமானமின்றிக் கழிகின்றன. இவ்விடைக்காலத்துக்கென்று கறவை மாடு, கோழி, தேனீ முதலிய உபதொழில்கள் பல இருப்பினும், அவை யாவற்றுக்கும் இடமும் முதலும் வேண்டும். கொட்டகையோ தீவனமோ தண்ணீரோ வேண்டாத உபதொழில் ஒன்றுண்டு. அதுவே குரோஷாப் பின்னல்.

கம்பளிச் சட்டை பின்னுவோர் இரண்டு ஊசிகளைக் கையாளுவர். குரோஷாவில் முனை வளைந்த ஒரே ஊசி. அறுபடாத ஒரே நூல். ஒரு கண்ணியின் வழியே மறு கண்ணியை இழுத்து, அடுத்தடுத்துத் தொடுத்துக்கொண்டே போவதுதான் இக்கலையின் முழு இரகசியமும் ஆகும். நடுவில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்னியது தவறாயின் நூலை இழுத்து அவிழ்த்துவிட்டு அதே நூலைக் கொண்டு மறுபடி பின்னலாம். நெசவில் வெட்டிய துணியைப் போலன்றி, இதில் பிழையால் பொருள் வீணாவதில்லை.

இத்தனை அனுகூலங்கள் இருந்தும், ஆவலோடு தொடங்குவோர் பலர், தொடர்ந்து செய்வோர் சிலர் என்ற நிலையே பல ஊர்களில் காணப்படுகிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தால், குற்றம் பெரும்பாலும் கையில் இல்லை. முதல் நாள் கடையில் வாங்கிய சாமானில் இருக்கிறது. விதை தவறினால் பின்பு எத்தனை எரு இட்டும் வெள்ளாமை தேறாது. அவ்வாறே முதல் நூலும் முதல் ஊசியும் தவறினால் எத்தனை பொறுமை இருந்தும் பின்னல் படியாது.

வழக்கமாக நேர்வது யாதெனில், சந்தைக்குப் போகும் ஆண்மகனிடம், “பின்னல் நூலும் ஊசியும் வாங்கி வாருங்கள்” என்று வீட்டில் சொல்லியனுப்புகின்றனர். அவர் கடையில் கண்ணைக் கவரும் கருநீலத்திலோ அரக்கு நிறத்திலோ பஞ்சுபோல் மயிர் நீண்ட நூலுண்டையை எடுத்து, அதனோடு கடைக்காரர் கையில் அகப்பட்ட மெல்லிய எஃகு ஊசி ஒன்றையும் வாங்கி வருகிறார். அந்நூலில் கண்ணி எங்கே இருக்கிறதென்று பகலிலும் தெரியாது. அவ்வூசியோ நூலின் பாதியைப் பிடித்து மீதியை விட்டுவிடும். மூன்று நாள் மாலை முயன்றபின் அச்சாமான்கள் பரணுக்குப் போகின்றன. “இது நமக்கு வராத வித்தை” என்ற எண்ணம் மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறது. செலவானது சொற்பத் தொகையே. நஷ்டமோ, ஆண்டுதோறும் வந்திருக்கக்கூடிய ஒரு சிறு வருமானம்.

ஆதலால் முதன்முதலில் எந்த நூலை, எந்த ஊசியை, எவ்வாறு பார்த்து வாங்குவதென்பதைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

முன்னுதாரணங்கள் இரண்டு

குரோஷாப் பின்னல் குடியானவர் வீடுகளுக்குப் புதிதன்று. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்குப் பயிரைப் பின்பருவக் கருகல் நோய் தாக்கிற்று. அதனால் உண்டான பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் தேசத்தை விட்டு வெளியேறினர். ஒரே பயிரை நம்பியிருந்த அக்குடும்பங்களுக்கு உதவ வேண்டிக் கார்க் நகர்ப் பக்கத்துக் கன்னிமாடத்துப் பெண்துறவிகளும், 1847ஆம் ஆண்டில் க்ளோன்ஸ் என்னும் ஊர்க் குருவின் மனைவியான கஸாண்ட்ரா ஹாண்ட் அம்மையாரும் குரோஷாப் பின்னலைக் கற்பித்தனர். ஊசியால் தைத்துச் செய்யும் சரிகைப் பின்னலைவிட இது மிக விரைவில் முடிவதால், அதே நேரத்தில் அதிகமான பொருள் கிடைத்தது. அக்காலத்தில் ஊசி வாங்க வகையற்றவர்கள் ஒரு கம்பியின் முனையை அராவி வளைத்து, மறுமுனையை மரத்துண்டிலோ தக்கையிலோ செருகிக்கொண்டனர். கருவி எளியதாயினும், முனையின் அளவு நூலுக்குப் பொருந்தியிருந்ததால் வேலை சிறந்தது.

இரண்டாவது உதாரணம் நமக்கு அண்மையிலுள்ளது. 1953ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரி டெல்டாவில் நரசாப்பூர் என்னும் ஊர் உளது. 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் மூலமாக அங்கே பரவிய குரோஷாச் சரிகைப் பின்னல், சுற்றுப்புறக் கிராமங்களிலுள்ள பல்லாயிரம் பெண்களின் கைத்தொழிலாக வளர்ந்து, வெளிநாடுகளுக்கும் சென்றது. 2024ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெல் விளையும் பூமியில் நூல் வேலையும் வேரூன்றக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அங்கே நேர்ந்த ஒரு குறையையும் கவனித்தல் வேண்டும். அது பின்னர்க் கூறப்படும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

ஊசியை முதலில் வாங்கி அதற்கேற்ற நூலைத் தேடுவது, கலப்பையை வாங்கிவிட்டு அதற்கேற்ற நிலத்தைத் தேடுவது போலாகும். நூலே ஊசியைத் தீர்மானிக்கிறது. ஆகவே நூலை முதலில் பார்க்க வேண்டும்.

தொடங்குவோரின் நூலுக்கு மூன்று குணங்கள் இன்றியமையாதவை: வழுவழுப்பு, வெளிர் நிறம், நடுத்தரக் கனம்.

வழுவழுப்பான நூலில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே தெரியும். கற்போர் எல்லாரும் செய்யும் முதற்பிழை, வரிசையின் ஓரத்தில் ஒரு கண்ணியைத் தவற விடுவதாகும். இருபது கண்ணியில் தொடங்கிய சதுரம், வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து முடிவில் முக்கோணமாகிவிடும். கண்ணி கண்ணுக்குத் தெரிந்தால் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மயிர் நீண்ட நூலில் எண்ணவும் முடியாது. அவிழ்க்க முயன்றால் இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு முடிச்சிடும். முடிச்சும் திரளும் இடையிடையே வரும்படி நூற்ற அலங்கார நூல்களும் இதே குற்றமுடையன.

வெளிர் நிறம் என்பது பாலேட்டு நிறம், இளமஞ்சள், வெளிர் பச்சை போன்றது. கறுப்பு, கருநீலம், அரக்கு ஆகியவற்றில் கண்ணியின் நிழல் தெரிவதில்லை. மாலையில் விளக்கொளியில் வேலை செய்வோருக்கும், நாற்பது வயதைக் கடந்தோருக்கும் இது பெரும் சிரமத்தை உண்டாக்கும். தூய வெள்ளை தெளிவாகத் தெரியுமாயினும் கற்கும் காலத்தில் விரைவில் அழுக்கேறும்.

நடுத்தரக் கனம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். இப்போது விற்கும் பின்னல் நூலுண்டைகள் பலவற்றின் மேல்சீட்டில் 0 முதல் 7 வரையுள்ள ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 0 என்பது சரிகைக்குரிய மிக மெல்லிய நூல். 7 என்பது கயிறுபோல் தடித்தது. தொடங்குவோருக்கு 4 மிகச் சிலாக்கியமானது. அது கிடையாவிடில் 3 வாங்கலாம். 4ஆம் எண் நூல் 100 கிராம் எடையில் பெரும்பாலும் 170 முதல் 200 மீட்டர் வரை நீளமிருக்கும். எண் அச்சிடாத உண்டைகளில் எடையையும் நீளத்தையும் ஒப்பிட்டே கனத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

சரிகைப் பின்னலுக்கென விற்கும் பருத்தி நூலின் எண் இதற்கு மாறானது. அதில் 10, 20, 40, 80 என்று எண் ஏற ஏற நூல் மெலியும். நெசவூர்களின் அருகே வாழ்வோருக்கு இது புதிதாக இராது. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே ஆலை நூலின் நம்பர் ஆகும். ஆகவே 80ஆம் நம்பர் 40ஆம் நம்பரைவிட மெல்லியது. குரோஷா நூலின் எண் இக்கணக்கோடு சரிக்குச் சரி ஒத்துப்போவதில்லையாயினும், ஏற ஏற மெலியும் என்ற விதி இரண்டுக்கும் பொது.

இனி, நூலின் மூலப்பொருளைக் கவனிப்போம். கம்பளியும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையும் சிறிது இழுபடும் தன்மையுடையன. ஆதலால் பழகாத கைக்கு இணங்கும். பருத்தி இழுபடாது, தொடக்கத்தில் விரல் சற்று நோகும். ஆயினும் நம் சமவெளியின் வெப்பத்துக்கு உகந்ததும், அடிக்கடி துவைக்கக்கூடியதும், விற்பனைக்கு ஏற்றதும் பருத்தியே. எனவே மலிவான அக்ரிலிக் உண்டை ஒன்றில் கையைப் பழக்கிக்கொண்டு, கண்ணிகள் ஒரே சீராக வந்தவுடன் பருத்திக்கு மாறுவது உசிதம். கம்பளியை வெந்நீரில் இட்டுக் கசக்கினால் சுருங்கித் திரண்டுவிடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

சீட்டில்லாத நூல் இன்னதென்று அறியச் சிறு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி மயிர் தீயும் நாற்றத்தோடு கருகும். அக்ரிலிக் உருகி எரிந்து கடினமான கறுப்பு மணியாக இறுகும். இச்சோதனை வேடிக்கைக்கன்று. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியை அக்ரிலிக்கில் பின்னினால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய துணிக்குப் பருத்தியன்றி வேறொன்றும் கூடாது.

பருத்தி பயிரிடுவோர் தம் விளைபொருளின் தரம் இங்கும் பேசுவதைக் காணலாம். கருங்கண்ணி போன்ற குறுகிய இழைப் பருத்தி தடித்த நூலுக்கே உதவும். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு வகைகளைக் கலந்து கோயம்புத்தூரில் உண்டாக்கப்பட்டு 1974ஆம் ஆண்டில் வெளியான சுவின் போன்ற மிக நீண்ட இழைப் பருத்தியிலிருந்தே மெல்லியதும் உறுதியானதுமான நூல் கிடைக்கும். இழை நீண்டிருந்தால் முறுக்கில் நன்கு பிணையும். இழையின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு பிசிராவது குறையும். இதனோடு காரசோடாக் கரைசலில் நனைத்து, இழுத்த நிலையில் பதப்படுத்தினால் பருத்தி நூலுக்குப் பட்டுப்போன்ற மினுமினுப்பு உண்டாகும். ஜான் மெர்சர் என்பார் 1844ஆம் ஆண்டில் கண்ட இம்முறையை, 1890ஆம் ஆண்டில் ஹொரேஸ் லோ என்பார் நூலை இழுத்துப் பிடிக்கும் வகையால் செம்மையாக்கினார். “மெர்சரைஸ்டு” என்று சீட்டில் காண்பது இதனையே. சரிகை வேலைக்கு அந்நூலே மேலானது.

புரியும் முறுக்கும் பார்க்கப்பட வேண்டும். ஒற்றைப் புரியாகத் தளர்ந்து முறுக்கிய நூலில் ஊசியின் முனை நடுவே புகுந்து இழைகளைப் பிளந்துவிடும். நூலின் ஒரு முனையை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால், எளிதில் தனித்தனியே பிரிந்துவிடும் நூலைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டும். பனியன் ஆலைகளின் கூம்பு நூல் மலிவாகக் கிடைக்கும் இடங்களில் அதனை நான்கைந்து இழையாகச் சேர்த்துப் பின்னலாம் என்று சிலர் கருதுவதுண்டு. பழகிய கைக்கு அது இயலும். புதிய கையில் ஓரிழை தவறி ஒவ்வொரு வரிசையிலும் தொங்கும். பனியன் துணிக் கழிவை நாடாவாகக் கிழித்த தடித்த நூலும் இக்காலத்தில் விற்கப்படுகிறது. கால்மிதிக்கும் கூடைக்கும் அது நல்லதாயினும், 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஊசியும் மணிக்கட்டில் பலமும் வேண்டுமாதலின் முதல் வேலைக்கு ஆகாது.

ஒரு வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்க வேண்டும். ஒரே நிறமேயாயினும், வேறு வேறு சாயத் தொட்டியில் நனைந்த நூல்கள் சிறிது பேதப்படும். அப்பேதம் கடையில் தெரியாது; பின்னி முடித்தபின் பட்டைபோல் தெரியும். சீட்டில் சாயத் தொட்டியின் எண்ணும் இருக்கும். எல்லா உண்டைகளிலும் அது ஒன்றாக உள்ளதா என்று பார்த்து வாங்குக. அடர்ந்த நிற நூலாயின் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சாயம் ஒட்டாததையே கொள்க.

ஊசியைத் தேர்ந்தெடுத்தல்

குரோஷா ஊசியில் ஐந்து பாகங்கள் உள்ளன. நூலைப் பற்றும் வளைந்த பகுதி தலை. அதற்குக் கீழே நூல் தங்கும் குறுகிய இடம் கழுத்து. அதன் கீழுள்ள உருண்டையான தண்டே கண்ணியின் அளவை நிர்ணயிக்கிறது. ஊசியின் அளவென்று சொல்லப்படுவது இத்தண்டின் விட்டமேயாகும். அதன் கீழ்ப் பெருவிரல் தங்கும் தட்டையான இடமும், இறுதியில் கைப்பிடியும் அமைந்துள்ளன. வலக்கைப் பழக்கமுள்ளவரும் இடக்கைப் பழக்கமுள்ளவரும் இதே ஊசியைக் கையாளலாம்.

ஊசியின் எண்ணில்தான் பெரும் குழப்பம் நேருகிறது. “5ஆம் நம்பர் ஊசி” என்று கேட்டு வாங்கினால், பழைய ஆங்கிலேய முறையில் அது 5.5 மில்லிமீட்டர், ஜப்பானிய முறையில் 5/0 என்று எழுதப்படுவது 3 மில்லிமீட்டர், அமெரிக்க எஃகு ஊசி முறையிலோ சுமார் 1.9 மில்லிமீட்டர். ஒரே எண், மூன்று ஊசிகள். அமெரிக்காவில் பெரிய ஊசிகளுக்கு எண்ணுக்குப் பதிலாக எழுத்துக்களையும் இடுவர். இத்தொல்லையிலிருந்து தப்ப வழி ஒன்றே: எப்போதும் மில்லிமீட்டர் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். நல்ல ஊசிகளில் அவ்வளவு பெருவிரல் தட்டில் பொறிக்கப்பட்டிருக்கும்.

4ஆம் எண் நூலுக்கு 5.5 மில்லிமீட்டர் ஊசியும், 3ஆம் எண் நூலுக்கு 4.5 மில்லிமீட்டர் ஊசியும் தொடங்குவதற்குப் பொருத்தமானவை. நூலை ஊசியின் கழுத்தில் வைத்துப் பார்த்தால் அது வழிந்து வெளியே நிற்காமலும், ஆழத்தில் மறைந்து போகாமலும் அடங்கியிருக்க வேண்டும். இது கடையிலேயே ஒரு நொடியில் செய்யத்தக்க சோதனை.

ஊசி செய்யும் பொருள்களில் அலுமினியம் வழுவழுப்பானது, இலேசானது, விலை குறைந்தது. முதல் ஊசிக்கு அதுவே போதும். மூங்கிலிலும் மரத்திலும் செய்தவை நூலைச் சற்றுப் பற்றி நிறுத்துமாதலால், வழுக்கும் நூலுக்கு ஏற்றவை. ஆயினும் முனை மழுங்கவும் பிசிரெழவும் கூடும். பிளாஸ்டிக் ஊசிகள் பெரிய அளவில் நன்றாயிருப்பினும் சிறிய அளவில் வளையும். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த சரிகை ஊசிகள் எஃகினாலேயே செய்யப்படுகின்றன. இவ்வளவு மெல்லிய தண்டுக்கு வேறு பொருள் தாங்காது. கடற்கரையூர்களில் எஃகு துருப்பிடிக்குமாதலின், வேலை முடிந்தவுடன் வியர்வை போகத் துடைத்து உலர்ந்த துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

வாங்குமுன் ஊசியின் தலையைப் பழைய புடவைத் தலைப்பின்மேல் மெல்ல இழுத்துப் பார்க்க. இழையைப் பற்றினால் முனையில் பிசிர் உண்டென்று அறிந்து விலக்குக. தலை மிகக் கூர்மையாயின் நூலைப் பிளக்கும். மிக மழுங்கியிருந்தால் இறுகிய கண்ணியில் நுழையாது. சிலர் எழுதுகோலைப் பிடிப்பதுபோலும், சிலர் கத்தியைப் பிடிப்பதுபோலும் ஊசியைப் பிடிப்பர். இரண்டும் சரியே. எப்பிடியாயினும் பெருவிரல் தட்டில் வசதியாகப் படிகிறதா என்று பின்னப்போகிறவரே பிடித்துப் பார்த்து வாங்குவது நலம். உழுகிறவன் பிடிக்க வேண்டிய மேழியை வேறொருவன் அளவெடுப்பது வழக்கமன்று.

பொருத்திப் பார்த்தல்

புதிய விதையை ஒரு பாத்தியில் இட்டு முளைப்பைப் பார்த்தபின்பே வயல் முழுவதும் விதைக்கிறோம். இங்கும் 20 கண்ணிச் சங்கிலியும் அதன்மேல் 20 வரிசையும் பின்னி மாதிரித் துண்டு ஒன்று செய்ய வேண்டும். துண்டு பலகைபோல் விறைத்து, ஊசி நுழையக் கடினமாயிருந்தால் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசியை எடுக்க. வலைபோல் தளர்ந்து உருக்குலைந்தால் அரை மில்லிமீட்டர் சிறியது எடுக்க. புதியவர்கள் பயத்தினால் நூலை இறுக்கிப் பிடிப்பது இயற்கை. அவர்களை நூலைத் தளர்த்தச் சொல்லுவதைவிட ஊசியை மாற்றிக் கொடுப்பதே விரைவில் பலன் தரும். ஆதலால் முதலிலேயே 4.5, 5, 5.5 ஆகிய மூன்று அளவிலும் ஒவ்வோர் ஊசி வைத்திருத்தல் நன்று.

பருத்தித் துண்டைத் துவைத்து உலர்த்திய பின்பே 10 சென்டிமீட்டர் இடத்தில் எத்தனை கண்ணி அடங்குகிறதென்று அளக்க வேண்டும்; துவைக்குமுன் அளந்தால் கணக்குத் தவறும். அச்சிட்ட குறிப்புகளைப் பார்த்துப் பின்னுவோர் இன்னொன்றையும் கவனிக்க. அமெரிக்கர் ஒற்றைப் பின்னல் என்பதை ஆங்கிலேயர் இரட்டைப் பின்னல் என்கின்றனர். குறிப்பு எந்தத் தேசத்து வழக்கில் எழுதப்பட்டதென்று தெரியாமல் தொடங்கினால் அளவு முழுவதும் மாறிவிடும்.

முதல் பயன்பொருளாகச் சதுரமான பருத்திப் பிடிதுணி சிறந்தது. ஓரம் சற்றுக் கோணினாலும் சமையலறையில் உபயோகப்படும்; சதுரம் சதுரமாகவே முடிந்தால் கண்ணி எண்ணும் பழக்கம் வந்துவிட்டதென்று பொருள். நூலுண்டையை ஒரு சொம்பில் இட்டு நூல்முனையை வெளியே விட்டுக்கொண்டால் உண்டை தரையில் உருண்டு தூசி படியாது.

மெல்லிய நூலுக்கு ஏறுதல்

நடுத்தர நூலில் கை தேர்ந்தபின் சரிகை நூலுக்குப் படிப்படியாக ஏறலாம். 10ஆம் எண் நூலுக்கு 1.5 முதல் 1.75 மில்லிமீட்டர் வரையும், 20ஆம் எண்ணுக்குச் சுமார் 1.25 மில்லிமீட்டரும், 40ஆம் எண்ணுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரும், 80ஆம் எண்ணுக்கு 0.6 முதல் 0.75 மில்லிமீட்டர் வரையும் ஊசி வேண்டும். ஒரு படியில் கண்ணி ஒரே சீராக வருமுன் அடுத்த படிக்குப் போகலாகாது. மெல்லிய வேலையைப் பகலொளியிலேயே செய்க. இடையிடையே கண்ணைத் தூரத்துப் பசுமையில் ஓட்டிக் கைவிரல்களையும் நீட்டி மடக்கி இளைப்பாற்றுக.

நேரத்துக்கும் கணக்குண்டு

முன்னே குறிப்பிட்ட நரசாப்பூரின் குறை இதுவே. 1982ஆம் ஆண்டில் மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் அவ்வூர்ப் பின்னற்காரிகளைப் பற்றி வெளியிட்ட நூலில், அப்பெண்கள் வீட்டு வேலைகளோடு நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும், மிகக் குறைந்த கூலியே பெற்றதை எடுத்துக் காட்டினார். நூலை வியாபாரி கொடுத்தான். பின்னியதை அவனே எடுத்துக்கொண்டான். வெளிநாட்டில் என்ன விலைக்குப் போயிற்றென்பது பின்னியவளுக்குத் தெரியாது. வீட்டுப் பெண் ஓய்வு நேரத்தில் செய்வதென்று எண்ணப்பட்டதால், அவளுடைய நேரத்துக்கு விலையே போடப்படவில்லை.

உண்மையான குரோஷாப் பின்னலைச் செய்யும் இயந்திரம் வழக்கில் இல்லை. அப்பெயரால் ஆலைகளில் ஓடும் இயந்திரங்கள் செய்வது வேறு வகைப் பின்னலாகும். ஆகவே ஒவ்வொரு துண்டின் கிரயத்திலும் பெரும்பகுதி மனிதக் கையின் நேரமே. நூலின் எடையும் விலையும் ஒரு பத்தியிலும், செலவிட்ட மணிகள் மறுபத்தியிலும், விற்ற தொகை மூன்றாம் பத்தியிலுமாக ஒரு நோட்டில் எழுதி வருவது மிக அவசியம். நூலைத் தாமே பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு அதன் விலை தெரியும். நூலின் விலை தெரிந்தவரை, கூலியில் ஏமாற்றுவது எளிதன்று. தேர்ந்தெடுக்கும் அறிவு கைத்திறமைக்கு மட்டுமன்றி வருமானத்துக்கும் காவலாகும் என்பது இதனால் விளங்கும். நோட்டும் தொகையும் பின்னியவர் கையிலேயே இருத்தல் முறை. குத்தகைக் கணக்கையும் நெல் கணக்கையும் குடும்பத் தலைவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஊரிலுள்ள அதிகாரிகளும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சிறு முயற்சியால் இதற்குப் பேருதவி செய்யலாம். 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள ஊசிகளின் தொகுதி ஒன்றைப் பொதுவாக வாங்கி வைத்தால், மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தபின் அவரவர்க்குப் பொருந்தியதைத் தனியே வாங்கிக்கொள்ளலாம். ஒரு பலகையில் நூல் வகைகளின் துண்டுகளை ஒட்டி, அவற்றுக்கெதிரே ஊசியின் அளவை எழுதிப் பொது இடத்தில் தொங்கவிடலாம். அளவு அழிந்த பழைய ஊசிகளைச் சோதிக்க, அளவுக்கேற்ற துளைகளிட்ட தகடும் அங்கே இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே சாயத் தொட்டி நூலை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், நிறமும் பேதப்படாது.

சுருக்கம்

நூலை முதலிலும் ஊசியைப் பின்னும் தேர்ந்தெடுக்க. முதல் நூல் வழுவழுப்பாகவும் வெளிர் நிறமாகவும் நடுத்தரக் கனமாகவும் இருக்கட்டும். ஊசியை மில்லிமீட்டர் சொல்லிக் கேட்டு, பின்னுகிறவரே பிடித்துப் பார்த்து வாங்குக. மாதிரித் துண்டு பின்னி, ஊசியை மாற்றிப் பொருத்துக. அடுப்படித் துணிக்குப் பருத்தியன்றி வேறு நூல் வேண்டா. நேரத்தைக் கணக்கில் எழுதுக. இவ்விதிகளைக் கைக்கொண்டால், சந்தையிலிருந்து வரும் நூலுண்டை பரணுக்குப் போகாமல், களம் காலியான மாதங்களிலும் வீட்டுக்குச் சிறிது பணம் வந்துகொண்டிருக்கும்.